எருக்குழி பற்றி இருவர் உரையாடல்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ரிப்பேர் கடை. இன்று காலை அதன் மேசையில் பழைய ஆம்ப்ளிபையர் ஒன்று திறந்து கிடந்தது. கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் வந்தது. சூடேறும் தூசியின் வாசம்.

நின்றுவிட்டேன். ராஜபாளையம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் வாசம் என்று சொல்ல மாட்டேன், உனக்குச் சிரிப்பு வரும். அந்த நாளின் வாசம். நாம் ஒரு தெருவுக்கு ஒரு நாள் முழுக்க வானொலி நடத்தினோமே, அந்த நாள். நெஞ்சு இன்றைக்கும் அப்போது போலவே அடித்துக்கொண்டது. நீ இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை.

அதனால் எழுதுகிறேன்.

*

தாள் முதலில் என் கண்ணில்தான் பட்டது. மதுரையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் பழைய இதழ்க் கட்டு ஒன்று. வானொலி நிகழ்ச்சிகளை முன்கூட்டியே அச்சிட்டுத் தந்த இதழ். ஐம்பதுகளின் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரே பக்கத்தில் ஒரு முழு நாள்.

காலையில் மங்கள இசை. பிறகு செய்திகள். மாதர் நிகழ்ச்சி. சிறுவர் நிகழ்ச்சி. நேயர் விருப்பம். மாலையில் கிராம நிகழ்ச்சி. ஒரு வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு பிரித்து வைத்தது போல. பிரித்து வைத்தால் என்ன, எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டிருப்பார்கள். வீட்டில் இருந்தது ஒரே பெட்டி. பல வீடுகளில் அதுவும் இல்லை. பூங்காவில் நகராட்சி வைத்த ஒலிபெருக்கிக்குக் கீழே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தார்கள்.

படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். என் கையில் அது ஓர் அடிக்குறிப்பாக முடிந்திருக்கும். நீ உடனே கூப்பிட்டாய்.

"ஏட்டி, இத அப்படியே போடுவோம்."

"எதுல?"

"எங்க தெருவுல. என் மைக்செட்டுல. காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும்."

"யாரு கேப்பா?"

"கேக்காம எங்க போவாக? காதக் கழட்டி வச்சிட்டா போவாக?"

விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு உன் வீட்டுக்கு வந்தபோது புரிந்தது.

ராஜபாளையத்தில் உன் தெருவில் எல்லோரும் மில் தொழிலாளர்கள். உன் அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். கல்லூரி முடித்ததும் தன் மில்லிலேயே உனக்கு வேலை வாங்கித் தந்தார். சில மாதங்களில் விட்டுவிட்டு வந்தாய். காரணம் சொல்லவில்லை. கல்யாண வீடு, சர்ச் அசன விருந்து, கட்சிக் கூட்டம் என்று மைக்செட் கட்டப் போனாய். அவர் பேச்சை நிறுத்தினார். இரண்டு வருடமாகிறது என்றாய்.

வீட்டில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாம் உன் அம்மா வழியாகப் போனது.

"உம் மகன அந்த ஃபேன அமத்தச் சொல்லு."

சுவிட்ச் உன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நீ அசையவில்லை. அம்மா சொல்லக் காத்திருந்தாய்.

"நான் என்ன இந்த வீட்டுக்குப் போஸ்ட்மேனா?" என்றார் உன் அம்மா. பிறகு உன்னைப் பார்த்து, "அமத்துலே. கொரியர் வந்திருக்கு."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. தெருமுனை வரை கூட வந்து அங்கே வைத்துச் சொன்னாய்.

"ஒரு நாள் பூரா என் குரல் அவிய காதுல விழணும். கதவச் சாத்துனாலும் விழணும். பொறவு ஒரு வார்த்த என்கிட்ட நேரா பேசிட்டாப் போதும். திட்டுனாக்கூடப் போதும்."

ஐம்பதுகளின் வானொலி உனக்கு அதற்குத்தான். எனக்கு வேறு எதற்கோ. இரண்டும் ஒரே நாளில் அடங்கும் போலிருந்தது.

*

விதிகள் என்னுடையவை. எல்லாமே நேரடி. போனிலிருந்து பாட்டு போடக் கூடாது. அந்தக் காலத்தில் பேசியதில் பெரும்பகுதி பதிவாகவே இல்லை, பேசினார்கள், போய்விட்டது என்று உனக்குச் சொன்னேன். அதைக் கேட்டதும் நீ என்னைத் தாண்டிப் போய்விட்டாய்.

"அப்ப நாமளும் பதிய வேண்டாம். ஒருத்தரும் போன்ல புடிக்கக் கூடாது. காத்துல வந்தது காத்துல போட்டும்."

காவல் நிலையத்தில் குழாய் ஒலிபெருக்கி கூடாது என்றார்கள். சின்னப் பெட்டிகள், குறைந்த சத்தம், அவ்வளவுதான் அனுமதி. நீ துள்ளிக் குதித்தாய். அதுதான் உனக்கு வேண்டியிருந்தது. சில வீடுகளுக்கு ஒன்று என்று வாசல்களில் பெட்டிகளைக் கட்டினாய். ஒரே இடத்திலிருந்து பெரிய சத்தம் இல்லை. எல்லா வாசலிலும் அளவான குரல், அந்தந்த வீட்டுக்காரர் பேசுவது போல.

உன் வீட்டு வாசலுக்கும் ஒன்று. அதை நீயே கட்டினாய். உன் அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏணி அவர் காலருகே. அவர் நிமிரவில்லை. நீ மேலே ஏறியதும் ஏணி லேசாக ஆடியது. அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு காலை நீட்டி ஏணியின் அடியை மிதித்துக்கொண்டார். நீ இறங்க ஆரம்பித்ததும் காலை எடுத்துக்கொண்டார்.

இதை உனக்குச் சொன்னேனா? நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

*

ஞாயிறு. தெருமுனைத் தையல் கடைதான் நிலையம். அன்று கடைக்கு விடுமுறை. தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்றாய். வெட்டும் மேசையில் மைக். உன் முழங்காலுக்கு அருகே ஆம்ப்ளிபையர். சூடேறும் தூசி.

இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த நாகஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். நீ மைக்கை இழுத்தாய்.

"நேயர்களுக்கு வணக்கம்."

குரல் நடுங்கவில்லை. அது நீ டீக்கடையில் பேசும் குரல் இல்லை. எங்கிருந்து எடுத்தாய்? நீயும் நானும் பிறப்பதற்கு வெகு முன்னால் யாரோ ஒருவர் பேசி விட்டுவிட்டுப் போன குரல் போலிருந்தது.

நாகஸ்வரம் எழுந்தது. கதவுகள் திறந்தன. "யாரு வீட்டுல கல்யாணம்?" என்று யாரோ கத்தினார்கள். "வானொலி, வானொலி" என்று வேறு யாரோ பதில் கத்தினார்கள். ஒரு தெரு பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

செய்திகள் நான் வாசித்தேன். குழாயில் தண்ணீர் வரும் கிழமை மாறியது. கடைசி வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். காணாமல் போன ஆடு கிடைத்தது. அந்த மூன்று செய்திக்கும் தெரு கைதட்டியது. ஆட்டுக்குத்தான் அதிகம்.

உங்கள் சர்ச்சில் ஆராதனை நடந்த நேரத்தில் பெட்டிகளை அமர்த்திவிட்டுக் காத்திருந்தோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் வேகவேகமாக வீட்டுக்குத் திரும்பினார்கள். அவ்வளவு வேகத்தை அந்தத் தெருவில் மில் சங்குக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று உன் அம்மா சொன்னார்.

மாதர் நிகழ்ச்சி உன் அம்மாவுடையது. பக்கத்து வீட்டு லட்சுமம்மாவையும் கூட்டி வந்திருந்தார். லட்சுமம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பருப்புத் துவையலுக்குப் புளி எவ்வளவு என்பதில் ஆரம்பித்தார்கள்.

"எம்புட்டுப் புளின்னு சரியாச் சொல்லுங்க. கேக்கிறவுக கொழம்பிருவாக."

"கேக்கிறவுக கொழம்பட்டும். உங்க வீட்டுத் தொவையலத் தின்னுட்டு நான் கொழம்பலையா?" என்றார் உன் அம்மா.

நடுவில் குக்கர் விசில் அடித்தது. உன் அம்மா அடுப்பையே கொண்டு வந்து தையல் மெஷின் பக்கத்தில் வைத்திருந்தார். ஐம்பதுகளில் இந்தத் தெருவுக்குக் குக்கர் வந்திருக்காது என்று நான் கிசுகிசுத்தேன். "அப்ப மதியச் சோத்த நூலகத்துல போய்த் திங்கியா?" என்றார். மைக் திறந்திருந்தது. தெரு முழுக்கக் கேட்டது.

சிறுவர் நிகழ்ச்சியில் பாட்டுப் பாட வந்த ஒரு பெண் குழந்தை, பாட்டு மறந்துபோய், தன் அப்பா விடும் குறட்டையைச் செய்து காட்டியது. எல்லா வாசலிலும் அந்தக் குறட்டை. குறட்டை விட்ட அந்த அப்பாவின் வாசலிலும்.

நேயர் விருப்பம்தான் நம்மைத் திணறடித்தது. குடும்பத்தில் மூத்தவரில் தொடங்கித் தொட்டில் பிள்ளை வரை பெயர் வாசிப்போம் என்று அறிவித்திருந்தாய். கடை வாசலில் கூட்டம். பெயர் விட்டுப்போனவர்கள் திரும்ப வந்தார்கள். "எங்க நாயையும் சேத்துக்கோங்க, அதுவும் கேக்குதுல்லா?" நாயின் பெயரை வாசித்தாய். கேட்ட பாட்டுகளை நீயே பாடினாய். சுதி எங்கோ போனது. ஒருவரும் குறை சொல்லவில்லை. தங்கள் பெயர் காற்றில் வந்ததே போதும் என்று நின்றார்கள்.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் நீ கண்ணால் என்னைக் கேட்டாய். நான் வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். எதிரே டீக்கடை பெஞ்சில் உன் அப்பா. கையில் பேப்பர். காலையிலிருந்து அதே பக்கம். உள்ளே திரும்பித் தலையை ஆட்டுவேன். இல்லை.

உன் முகம் ஒரு நொடி சுருங்கும். பிறகு மைக்கில், "நேயர்களே, அடுத்ததாக..."

*

கிராம நிகழ்ச்சி. தாளில் இருந்தது ஒரே வரி: எருக்குழி பற்றி இருவர் உரையாடல்.

இருவரில் ஒருவன் நீ. மற்றவர் வ. புதுப்பட்டி கிராமத்திலிருந்து வரவேண்டிய உன் மாமா. தோப்பும் மாடும் வைத்திருப்பவர், பேச ஆரம்பித்தால் பஸ்ஸே நின்று கேட்கும். நீ எதுவும் தயார் செய்யவில்லை. மாமா பார்த்துக்கொள்வார்.

மாமா போன் செய்தார்.

"ஏலே மாப்ள, பசு கன்னு போடப் போவுது. நான் எப்பிடி வர? கிராம நிகழ்ச்சி இங்கதாம்ல நடக்கு!"

நீ மைக்கைப் பார்த்தாய். மைக் திறந்திருந்தது. தெரு காத்திருந்தது.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்."

மறுபடியும் சொன்னாய். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். வேறு வழி இல்லாமல் நீயே இரண்டு குரலிலும் பேச ஆரம்பித்தாய். கரகரத்த குரலில் கேட்டாய், மெல்லிய குரலில் பதில் சொன்னாய். எருக்குழியை நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும் என்றாய். காய வைப்பதில் எருவும் வடகமும் உனக்கு ஒன்று. மாடு மிதித்த மண்ணில் நீ நின்றதே இல்லை. உன் அப்பா வத்திராயிருப்பில் மாட்டோடு வளர்ந்தவர்.

வாசலில் நின்ற நான் பார்த்தேன். பேப்பர் கீழே இறங்கியது.

"ஏட்டி!" என்று உன் அம்மாவைக் கூப்பிட்டார். "உம் மகன்கிட்ட சொல்லு. வெயில்ல வெட்டுனா எரு காஞ்சு தூசியாப் போவும். நெழல்ல வெட்டணும்."

உன் அம்மா கடை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தவில்லை.

"மைக்கு அந்தா இருக்கு. இன்னைக்குப் போஸ்டாபீஸ் லீவு."

அவர் எழுந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். தெருவுக்கே உங்கள் வீட்டு விஷயம் தெரியும். சாலையைக் கடந்து வந்தார், செருப்பை வாசலில் விட்டார், கோயிலுக்குள் வருவது போல. உனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். உன் இரண்டு குரலும் நின்றுபோயின.

ஆம்ப்ளிபையர் இரையும் சத்தம் மட்டும் எல்லா வாசலிலும்.

அவர் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"வணக்கம் தம்பி."

தம்பி! நான் துணிகளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் சின்ன வயதில் பூங்கா ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார். கிராம நிகழ்ச்சியில் இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"வாங்க அண்ணாச்சி," என்றாய். குரல் இப்போது நடுங்கியது.

"என்ன தம்பி, எருக்குழிய வெயில்ல வெட்டச் சொல்லுதிய?"

"தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணாச்சி."

"தெரியாத வேலைய எதுக்குத் தொடணும்? தெரிஞ்ச வேல ஒண்ணு இருந்துச்சே உங்களுக்கு."

"அதுல மூச்சு முட்டிச்சு அண்ணாச்சி. பஞ்சு நெஞ்ச அடைச்சிச்சு. ராத்திரி படுக்க முடியல."

"வீட்டுல சொன்னியளா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"அந்த வேலைய வாங்கித் தந்தவுக முப்பது வருசமா அதே பஞ்சுல நிக்காக அண்ணாச்சி. அவுகளே நிக்கும்போது எனக்கு முட்டுதுன்னு எப்பிடிச் சொல்ல?"

உன் அம்மாவின் முறம் நின்றது. உன் அப்பா மேசையில் கிடந்த ஒரு சாக்பீஸை எடுத்தார், வைத்தார்.

"சொல்லியிருக்கணும் தம்பி," என்றார். பிறகு தொண்டையைச் செருமி, "சரி. குழிக்கு வருவோம். அடியில என்ன போடணும்?"

"தெரியல அண்ணாச்சி."

"அதையாவது சொல்லு, தெரியலன்னு! சருகு போடணும். மேல சாணி. அதுக்கு மேல மண்ணு. தண்ணி தெளிச்சு மூடணும். பொறவு போய்க் குச்சிய விட்டுக் கிண்டிக்கிட்டே இருக்கக் கூடாது. உனக்கு அந்தப் புத்தி உண்டு."

'உங்களுக்கு' எங்கே போனது? தெரு சிரித்தது. நீயும் சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை, ஆனால் எழவும் இல்லை. சாணி, சருகு, ஆட்டுப் புழுக்கை, வேப்பிலை என்று நீங்கள் பேசிக்கொண்டே போனீர்கள். நிகழ்ச்சி நேரம் தாண்டிவிட்டது. முடிக்கச் சொல்லி நான் கையைக் காட்டவில்லை. பொழுது மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கியது. ஓர் எருக்குழிப் பேச்சுக்கு அவ்வளவு சந்தோஷமாக எந்தத் தெருவும் காது கொடுத்திருக்காது.

*

அதற்குப் பிறகு வீட்டில் நேரடியாகப் பேசினார். கொஞ்சம். "வயர் கெடக்கு பாருலே." "சாவி எங்கல?" நீ ஒவ்வொன்றையும் எனக்குப் போனில் சொல்வாய், பரிசு வாங்கியவன் போல. ஆனால் அந்த அளவு நீளமாக நீங்கள் மறுபடியும் பேசவில்லை. நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள்.

உனக்குக் காய்ச்சல் என்றார்கள். மதுரைக்குக் கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டு வந்தார்கள். இதைப் பற்றி எனக்கு வேறு வாக்கியம் இல்லை.

சில மாதம் கழித்து உன் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, தண்ணீர்கூட வாங்காமல் கேட்டார்.

"பாப்பா, அன்னைக்கு நாங்க பேசுனது எதுலயாவது இருக்கா?"

பதிவு கூடாது என்பது உன் விதி. இருந்தாலும் தெருவில் எல்லோரையும் கேட்டேன். துவையல் சண்டையை யாரோ திருட்டுத்தனமாகப் பிடித்திருந்தார்கள். குறட்டை இருந்தது. கிராம நிகழ்ச்சி இல்லை. அவர் சாலையைக் கடந்து வந்தபோது யாருக்கும் போனை எடுக்கத் தோன்றவில்லை.

அவர் மறுபடி வந்தபோது அதைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தார். போகவில்லை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"வணக்கம் தம்பி."

எனக்குப் புரிந்தது. "வாங்க அண்ணாச்சி," என்றேன்.

இன்றும் அதற்காகத்தான் ராஜபாளையம் கிளம்பினேன். அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். இப்போது அது வழக்கமாகிவிட்டது. சில ஞாயிறுகளில் அவர் இங்கே வருவார், சில ஞாயிறுகளில் நான் அங்கே போவேன். அவர் பங்கை அவர் சொல்வார். உன் பங்கை நான். தவறினால் திருத்துவார். "இல்ல பாப்பா. 'நெஞ்ச அடைச்சிச்சு'ன்னு சொல்லிட்டு அவன் கொஞ்சம் நிறுத்துனான். நிறுத்திச் சொல்லு." நிறுத்திச் சொல்வேன். நீ எங்கே மூச்சு விட்டாய் என்பதுகூட இப்போது எனக்குத் தெரியும். உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான். ஒரு நாள் மாலை நீ பேசியது, சொல்லுக்குச் சொல், என் வாயில். ஒவ்வொரு முறையும் மைக் முன்னால் உட்கார்ந்தது போலப் படபடக்கிறது. துக்கம் என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

இன்று வேப்பிலை வரை சொல்லி முடித்தோம். அங்கேதான் எப்போதும் முடியும். அவர் எழப்போனார். எனக்கு என்ன தோன்றியதோ, நீ சொல்லாத ஒரு வரியைச் சொன்னேன். அண்ணாச்சி என்றும் சொல்லவில்லை.

"அப்பா, மழை வருமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இது அன்றைக்குப் பேசியது இல்லை என்று அவருக்குத் தெரியும். திருத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். உன் அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

அவர் எழுந்து வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தார்.

"வரும்லே," என்றார். பாப்பா என்று சொல்லவில்லை. "மேக்க கறுத்திருக்கு பாரு."